"என் அனுபவத்தில் சொல்கிறேன்" என்பவரோடு வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் டெங்கு பேச்சு தொடங்கிவிடும், கூடவே பப்பாளி இலைச் சாறும். "என் பேரனுக்கு முப்பதாயிரத்துக்கு இறங்கிய பிளேட்லெட், இரண்டு வேளை சாறு கொடுத்ததும் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்" என்று கல்யாணப் பந்தியில் ஒரு பெரியப்பா சொல்லிவிட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் படித்த பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது.

"அப்படி நடந்திருக்கவே முடியாது" என்று அந்தப் பிள்ளை ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. பெரியப்பா பொய் சொல்லவில்லை; எண்ணிக்கை உண்மையிலேயே ஏறியிருக்கும். மறுத்த கணமே பேச்சு சாற்றை விட்டு அவருடைய நாணயத்துக்குத் தாவிவிடுகிறது. பந்தியே அவர் பக்கம் சேரும். அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

சம்பவத்தை ஒப்புக்கொண்டு காரணத்தைக் கேளுங்கள். டெங்கு காய்ச்சல் பொதுவாக 2 முதல் 7 நாள் நீடிக்கும். காய்ச்சல் தணிகிற சமயத்தை ஒட்டி பிளேட்லெட் வெகுவாக இறங்கும். பிறகு பெரும்பாலானோருக்குத் தானாகவே ஏறத் தொடங்கும். வீட்டார் பதறிப்போய் பப்பாளி இலை தேடுவதும் எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும் அந்த நாளில்தான். மறுநாள் ஏறினால் பெயர் இலைக்கு. "எத்தனையாவது நாள் கொடுத்தீர்கள், பெரியப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் நாள் என்று அவரே சொன்னால், சாறு குடிக்காத பிள்ளைகளுக்கும் அதே நாளில் ஏறுகிறதே என்று பேச்சைத் தொடரலாம்.

"காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்று அவர் சொன்னால் மட்டும் மரியாதைக்காகப் பேசாமல் இருக்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் கவலைக்குரிய கட்டம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தக் கசிவு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அவர் கதைக்குப் பதிலாக நம் கதையை எடுத்துவிடுவது இன்னொரு தவறு. "எங்கள் பக்கத்து வீட்டில் சாறு கொடுத்தும் பலிக்கவில்லை" என்றால் அதையும் யாராலும் சரிபார்க்க முடியாது. குரல் பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார்.

"இல்லை என்று நீ நிரூபி பார்ப்போம்" என்ற பேச்சிலும் மாட்டிக்கொள்ள வேண்டாம். அந்தப் பேரனின் ரத்தப் பரிசோதனைத் தாளை நீங்கள் பார்த்ததில்லை. "எனக்குச் சரிபார்க்க வழியில்லை, அதனால் இதை வைத்து முடிவு எடுக்க மாட்டேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கதை "என் மச்சானுடைய நண்பருக்கு நடந்தது" என்று தொடங்கினால் இன்னும் சுலபம். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும், அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டமும், பார்த்ததற்குப் பார்த்தவரே வந்து வாய்மொழிச் சாட்சி சொல்ல வேண்டும் என்கின்றன. அவரையும் குறுக்கு விசாரணை செய்துதான் நம்புகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அனுபவம் என்றாலே குப்பை என்று ஒதுக்குவதும் தவறுதான். படித்தவர்களிடம் அதிகம் காணப்படும் தவறு இது. சென்னையில் அடையாற்றங்கரையை ஒட்டிய மணப்பாக்கத்தில் வீடு பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "முப்பது வருடமாக இந்தத் தெருவில் தண்ணீர் நின்றதே இல்லை" என்கிறார் வீட்டுத் தரகர். சாதாரண மழை பெய்த முப்பது வருடத்தால் உங்களுக்கு அதிகப் பயன் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி அடையாற்றில் திறந்துவிடப்பட்ட 2015 டிசம்பர் 1 இரவு என்ன ஆனது என்று கேளுங்கள். எத்தனை படி ஏறியது, மாடிக்கு எப்போது போனார்கள், மின்சாரம் என்று திரும்பியது? அங்கே இருந்தவர் தடுமாறாமல் சொல்வார். 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலைப் பற்றியும் இதே போலக் கேட்கலாம். தரகரிடம் கேட்டதை, அதே தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடமும் தனியாக ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவருக்கு விற்க வீடு இல்லை.