மைக்ரோகேப் பங்கை எதுவரை பிடித்துவைத்திருப்பது? வாங்கும் முன் எழுத வேண்டிய ஒரு தாள்

மைக்ரோகேப், அதாவது மிகச் சின்னக் கம்பெனியின் பங்கு வாங்கியவரிடம் எல்லோரும் சொல்வது "பொறுமையா இரு". எதற்காக, எதுவரை என்று யாரும் சொல்வதில்லை. வளர்ச்சிக்கு முன் இரண்டு வருடம் அசையாமல் கிடக்கும் பங்கும், மெல்லச் செத்துக்கொண்டிருக்கும் கம்பெனியின் பங்கும் சார்ட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆர்டர் போடவும் ஆண்டறிக்கை புரட்டவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராகச் செய்முறைக்குப் போகலாம்.

படி 1: பணம்

ஐந்து வருடம் தொடத் தேவையில்லாத பணம் மட்டும். ஒரு கம்பெனியில் மொத்த முதலீட்டில் 2 முதல் 3 சதவீதம். எவ்வளவு பிடித்திருந்தாலும் வாங்கும்போது 5-ஐத் தாண்ட வேண்டாம்.

படி 2: வெளியே வர எத்தனை நாள்?

கடந்த 60 வர்த்தக நாட்களின் வால்யூமை (நாளுக்குக் கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) எடுத்து மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) பாருங்கள். சராசரி வேண்டாம், ஒரே நாளில் பங்குகள் மொத்தமாகக் கைமாறியிருந்தால் அது ஏமாற்றிவிடும். மீடியன் 20,000 பங்கு என்றால், விலையைக் கெடுக்காமல் நீங்கள் விற்கக்கூடியது அதில் 10 சதவீதம், அதாவது நாளுக்கு 2,000. கையில் 30,000 இருந்தால் 15 வர்த்தக நாள், மூன்று வாரம். கெட்ட செய்தி வந்த நாளில் இந்தக் கணக்கும் செல்லாது, வாங்க ஆளே இருக்காது. இது ஒத்துவராவிட்டால் அளவைக் குறையுங்கள்.

படி 3: தாள்

முக்கால்வாசிப் பேர் தவறுவது இங்கேதான். காகித நோட்டில், தேதி போட்டு, பேனாவால் எழுதுங்கள். எக்செல் எனக்கு ஒத்துவராது. அதில் விலை இறங்கிய இரவில் காரணத்தையே சத்தமில்லாமல் மாற்றி எழுதிவிடலாம்.

முதலில், லாபம் ஏன் கூடும் என்று ஒரே வாக்கியம். "நல்ல நிர்வாகம், பெரிய சந்தை" எல்லாம் கணக்கில் வராது. "புது ஆலை ஓடத் தொடங்கினால் உற்பத்தி இரட்டிப்பாகும், நிலையான செலவு அவ்வளவு ஏறாது, லாப விகிதம் 8-லிருந்து 12 சதவீதம் ஆகும்" என்பது கணக்கில் வரும்.

அடுத்து, எப்போது? "நான்கு காலாண்டுக்குள் உற்பத்தி தொடங்கும், அதற்கடுத்த நான்கில் பாதித் திறனாவது ஓடும்." சின்னக் கம்பெனிகளின் திட்டங்கள் பெரும்பாலும் தள்ளிப்போகும். அதனால் இரண்டு காலாண்டு சலுகையை இப்போதே எழுதிவிடுங்கள். ஒரே ஒரு முறைதான்.

கடைசியாக, எது நடந்தால் விற்பேன்? பதவிக்காலம் முடியும் முன் ஆடிட்டர் விலகுவது, கம்பெனியை நடத்துபவர்களே பங்கை விற்பது, வரவேண்டிய பாக்கி வீங்குவது. இந்த இடத்தில் பலர் "20 சதவீதம் இறங்கினால் விற்பேன்" என்று எழுதுகிறார்கள். வால்யூம் இல்லாத பங்கில் ஒருவர் அவசரத்துக்கு விற்றாலே அவ்வளவு இறங்கும். கம்பெனிக்கு எதுவுமே ஆகியிருக்காது.

படி 4: வாங்குவது

லிமிட் ஆர்டர் (நீங்கள் வைத்த விலைக்கு மேல் வாங்காத ஆர்டர்) மட்டும். வாங்குபவர் 96 கேட்கிறார், விற்பவர் 104 சொல்கிறார் என்றால், 104-க்கு வாங்கி உடனே 96-க்கு விற்றாலே 7.7 சதவீதம் போச்சு. நடுவில் விலை வைத்து, சில வாரம் பிரித்து வாங்குங்கள்.

படி 5: காத்திருப்பது

விலை அலர்ட்டை அணைத்துவிட்டு, காலாண்டு முடிவு வரும் நாளில் மட்டும் தாளை எடுங்கள். லாபத்துக்கு முன் பாக்கியைப் பாருங்கள். விற்பனை 100, பாக்கி 25 என்றால் பணம் வந்துசேர 91 நாள். அடுத்த வருடம் விற்பனை 130, பாக்கி 52 என்றால் 146 நாள். விற்பனை 30 சதவீதம் கூடியது என்று தலைப்புச் செய்தி வரும். சரக்கு போய்விட்டது, காசு வரவில்லை. கடன் காலத்தை நீட்டிச் சரக்கைத் தள்ளியிருக்கலாம். செயல்பாட்டுப் பணவரவு (அன்றாட வியாபாரத்தில் உண்மையில் கைக்கு வந்த காசு) இரண்டு வருடம் தொடர்ந்து லாபத்தைவிட வெகுவாகக் குறைந்தால் பொறுமைக்கு அங்கே வேலை இல்லை.

கம்பெனியின் மொத்தப் பங்கு எண்ணிக்கையையும் பாருங்கள். லாபம் இரட்டிப்பாகி, பங்குகள் 1 கோடியிலிருந்து 1.6 கோடி ஆனால் உங்கள் பங்கு ஒன்றுக்கு லாபம் கூடியது 25 சதவீதம்தான்.

பின்சேர்க்கை: திரும்பத் திரும்ப வரும் இரண்டு கேள்விகள்

இறங்கினால் ஆவரேஜ் செய்யலாமா, அதாவது குறைந்த விலையில் இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கலாமா? தாளில் எழுதிய ஒன்று நிறைவேறிய பிறகு மட்டும், அதுவும் படி 1-இன் 5 சதவீதத்துக்குள். விலை குறைந்தது என்பது மட்டும் காரணமாகாது.

மூன்று மடங்கு ஏறினால்? எழுதியது நடந்து முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடிந்திருந்தால் அந்தத் தாள் காலாவதி. இன்றைய விலைக்குப் புதுத் தாள் எழுத முடிந்தால் வைத்திருங்கள். முடியாவிட்டால் விற்கத் தொடங்குங்கள். ஏறும் வாரங்களில்தான் வால்யூம் பெருகும், படி 2-இல் 15 நாள் ஆகுமென்று போட்ட கணக்கு நான்கைந்து நாளில் முடியும். வால்யூம் வற்றிய பிறகு அதே அளவுக்கு மறுபடி மூன்று வாரம்.