முதல் கப்பல் பயணம்: புக்கிங்கிலிருந்து கரையிறங்கித் திரும்புவது வரை

மூன்று கப்பல் பயணம் முடித்தாயிற்று. முதல் இரண்டில் நான் பட்ட பாட்டைப் புதிதாகப் போகிறவர்கள் படக்கூடாது என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன். கப்பலுக்குள் எந்த மாடியில் என்ன இருக்கிறது, சாப்பாட்டுக்கு எங்கே போவது என்பதெல்லாம் ஏறிய அரை நாளில் தானாகப் பழகிவிடும், அதை நான் தொடவில்லை. பணமும் நாளும் வீணாகிற இடங்கள் இரண்டு. ஒன்று புக்கிங் பக்கம். இன்னொன்று, துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்க்கக் கிடைக்கிற அந்தச் சில மணி நேரம்.

படி 1: கப்பலை விடுங்கள், துறைமுகப் பட்டியலைப் பாருங்கள்

எல்லோரும் கப்பலின் படங்களில்தான் மயங்குவார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் பட்டியலில் "ரோம்" என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில், ரோமிலிருந்து 70-80 கிலோமீட்டர் தள்ளி. "ஃப்ளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ. "பாரிஸ்" என்றால் லெ ஹாவ்ர், அங்கிருந்து பாரிஸ் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். "பெர்லின்" என்று இருந்தால் வார்னமுண்ட, ரயிலில் போகவே ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகிவிடும். ஏதென்ஸ் மட்டும் தொந்தரவில்லை, பிரேயஸ் துறைமுகம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது, மெட்ரோ பிடித்தால் போதும்.

அப்புறம் கிழமை. கப்பல் போய் நிற்கிற நாள் என்ன கிழமை என்று காலண்டரில் ஒருமுறை பாருங்கள். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். ஃப்ளோரன்ஸில் உஃபிசி, அக்காதெமியா இரண்டுமே திங்களன்று கிடையாது. மைக்கேல் ஆஞ்சலோவின் டேவிட் சிலையைப் பார்க்கத்தான் இந்தப் பயணம் என்றால், திங்களன்று லிவோர்னோவில் நிற்கிற கப்பலில் ஏறி என்ன பயன்?

விசாவையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். பிரேயஸில் ஏறி, மைக்கோனோஸ் பார்த்து, துருக்கியின் குசாதாசி போய், மறுபடி சாந்தோரினி வருகிற பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குசாதாசிக்குப் போனதும் ஷெங்கன் (ஒரே விசாவில் போகிற ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) எல்லையை விட்டு வெளியே போய்விட்டீர்கள், சாந்தோரினியில் நுழைவது இரண்டாவது நுழைவு. விசா வேண்டியவர்கள் மல்டிபிள் என்ட்ரி வாங்கியிருக்க வேண்டும், சிங்கிள் என்ட்ரி கையில் இருந்தால் ஏறும்போதே நிறுத்திவிடுவார்கள். "நான் அந்த ஊரில் இறங்கவே மாட்டேன், கப்பலிலேயே இருந்துகொள்கிறேன்" என்று சொன்னாலும் சில நாடுகளுக்கு விசா இருந்தே ஆக வேண்டும். பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் 6 மாதம் செல்லுபடியாகிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

படி 2: புக்கிங்

முதலில் ஒன்று: இதை போனில் செய்யாதீர்கள், லேப்டாப்பில் செய்யுங்கள். என்னுடைய முதல் புக்கிங்கில் பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து "ஏதோ தவறு" என்று நின்றுவிட்டது. மின்னஞ்சல் வரவில்லை. கேபின் கைவிட்டுப் போய்விடுமே என்ற பதற்றத்தில் மறுபடி முதலிலிருந்து போட்டேன், அது நடந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் கார்டில் இரண்டு தடவை பணம் போயிருக்கிறது, ஒரே பெயர்களில் இரண்டு கேபின்! ஒன்றை ரத்து செய்ய நான்கு முறை போன், ஒவ்வொரு முறையும் வேறொரு ஆள், ஒவ்வொருவருக்கும் ஆதியிலிருந்து கதை. பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். பணம் கட்டும் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், கேபின் எண், மொத்தத் தொகை, ரத்து விதி மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட். பக்கம் உறைந்துபோனால் மறுபடி அமுக்குவதில்லை. கார்டு செயலியைத் திறந்து பணம் போயிருக்கிறதா என்று பார்க்கிறேன். போயிருந்தால் நேராகப் போன்தான். சில நிறுவனங்களில் பணம் கட்டாமலே ஒரு நாளைக்குக் கேபினைப் பிடித்துவைக்கிற வசதி உண்டு, இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். பதறாமல் யோசிக்க ஒரு ராத்திரி கிடைக்கும்.

பெரிய எழுத்தில் காட்டுகிற விலை ஒரு ஆளுக்கானது, அதுவும் ஒரு கேபினில் இரண்டு பேர் என்ற கணக்கில். தனியாகப் போகிறவருக்குக் கிட்டத்தட்ட இரண்டு ஆள் கட்டணம் வந்துவிடலாம். துறைமுக வரி, ஊழியர்களுக்கான தினசரி டிப்ஸ், வைஃபை, பானங்கள் எல்லாம் பல நிறுவனங்களில் தனித்தனி. ஆகவே விலையை ஒப்பிடும்போது கடைசிப் பக்கத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

முழுப்பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி பெரும்பாலும் பயணத்துக்கு 2 முதல் 4 மாதம் முன்னால் இருக்கும். அந்தத் தேதிக்கு முன் விலை இறங்கினால் பல நிறுவனங்கள் கேட்டால் குறைத்துக் கொடுக்கும், கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். நான் போனில் வாரம் ஒருமுறை நினைவூட்டல் போட்டுவைத்திருந்து பார்ப்பேன்.

ஏஜென்ட் மூலம் போகலாமா என்றால், முதல் பயணத்துக்குப் போகலாம், தப்பில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஏஜென்ட் போட்ட புக்கிங்கில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் கப்பல் நிறுவனம் பொதுவாக உங்களிடம் பேசாது, ஏஜென்ட்டிடம்தான் பேசும். போனை எடுக்கிற ஏஜென்ட்டாகப் பார்த்துப் பிடியுங்கள்.

படி 3: கேபின்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வயிறு புரட்டும் என்ற பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் எடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. டெக் வரைபடத்தில் உங்கள் கேபினுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கேபின்களே இருந்தால் தூக்கம் நிச்சயம். நீச்சல்குளத்துக்குக் கீழே எடுத்தால் அதிகாலையில் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் தலைக்கு மேலே கேட்கும். "கேரன்டி" கேபின் என்பது விலை குறைவு, ஆனால் எந்த அறை என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். தூக்கம் முக்கியம் என்பவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

படி 4: ஏறும் நாள்

விமானத்தில் போய் ஏறுவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே அந்த ஊருக்குப் போய்விடுங்கள். துறைமுக வாசலில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்து சேர மாலைகூட ஆகலாம். மாத்திரை, சார்ஜர், பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பாதுகாப்புப் பயிற்சிக்கு எல்லோரும் போயே ஆக வேண்டும். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதியபோது, அன்றைக்கு ஏறியவர்களில் பலருக்கு இன்னும் பயிற்சியே நடந்திருக்கவில்லை, 32 பேர் இறந்தார்கள். கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனோ பயிற்சியை முடிக்க வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்தது. ஆபத்து வந்தால் நீங்கள் போய்க் கூட வேண்டிய இடம் எது, அறையிலிருந்து அங்கே போக எந்தப் படிக்கட்டு என்று ஒருமுறை நடந்தே பார்த்துவிடுங்கள்.

படி 5: கரையில் எத்தனை மணி நேரம்? பின்னாலிருந்து எண்ணுங்கள்

சிவிதாவெக்கியாவில் காலை 7 முதல் இரவு 7 வரை என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரம் என்று மனம் துள்ளும். இப்போது எண்ணுவோம். அனுமதி கிடைத்து, வரிசையில் நின்று இறங்க 7.45. துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், ஷட்டில் பேருந்து பிடித்து லார்கோ தெல்லா பாச்சே என்ற பேருந்து நிறுத்தத்துக்குப் போய், அங்கிருந்து ரயில் நிலையம் சேர 8.30. ரயில் கிடைத்து ரோமில் இறங்க 9.45. திரும்பும்போது, கப்பலில் எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய "ஆல் அபோர்டு" நேரம் 6.30. ரயில் தாமதத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் 5 மணிக்குக் கப்பலில் இருக்க வேண்டும். அதற்கு ரோமிலிருந்து 3 மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். கையில் மிச்சம் ஐந்தேகால் மணி நேரம்.

ஐந்தேகால் மணி நேரத்தில் கொலோசியமும் வாடிகனும் இரண்டும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாடிகன் என்றால் ரோமின் பெரிய நிலையமான தெர்மினி வரை போகாமல் ரோமா சான் பியேத்ரோ நிலையத்திலேயே இறங்கிவிடலாம், நேரம் மிச்சம்.

கப்பல் நிறுவனமே நடத்துகிற சுற்றுலாவா, நாமே போவதா? நிறுவனச் சுற்றுலா விலை அதிகம், கூட்டம் அதிகம், ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் கிளம்பிவிடும். என் கணக்கு எளிது: ஊர் துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் என்றால் நானே போவேன், அதற்கு மேல் என்றால் அவர்களோடு. வெளியே சுற்றுலா பதிவு செய்தால் இலவச ரத்து உள்ளதாகப் பாருங்கள், காற்று பலமாக இருந்தால் கேப்டன் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போகலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

படி 6: எந்தக் கடிகாரம்?

நான் வழுக்கிய இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மயாமியிலிருந்து கிளம்பிய கோடைப் பயணம், மெக்ஸிகோவின் கோசுமெல் தீவு. ஆல் அபோர்டு 4 மணி. ஊர்ச் சதுக்கத்தில் மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். வரைபடம் பார்க்க அப்போதுதான் போனில் டேட்டாவைப் போட்டிருந்தேன். மணி 2.35 காட்டியது, இன்னும் நேரம் இருக்கிறது என்று காலை நீட்டிக்கொண்டேன்.

"மூணே முப்பத்தஞ்சு ஆச்சேப்பா, கிளம்பலையா?" என்றார் அப்பா.

அவர் கையில் கட்டியிருந்தது சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். கண்ணாடியில் கீறல் விழுந்து, எண்கள் பாதி மங்கியிருக்கும். அது தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. கோசுமெல் இருக்கிற கிந்தானா ரோ மாநிலம் கோடைக்கு நேரத்தை மாற்றுவதில்லை, மயாமி மாற்றும். கோடையில் மயாமி ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கப்பல் மயாமி நேரத்திலேயே இருந்தது, என் போன் உள்ளூர் டவரைப் பிடித்ததும் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிட்டது. டாக்ஸி பிடித்து, துறையில் இறங்கி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நீளமான பாலத்தில் வேகமாக நடந்து, 3.53க்கு அட்டையைக் காட்டி உள்ளே போனோம். அன்று அப்பா கேட்காமல் இருந்திருந்தால் கப்பல் போவதைக் கரையிலிருந்துதான் பார்த்திருப்போம்.

இப்போது என் வழக்கம்: கப்பலில் ஏறிய அன்றே போனில் தானியங்கி நேரத்தை நிறுத்திவிடுகிறேன். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம், கப்பல் நேரத்தில். ஸ்மார்ட் வாட்ச் உதவாது, அது போனைப் பார்த்துத் தானும் மாறிக்கொள்ளும். இறங்கும் வாசலில் ஆல் அபோர்டு நேரம் எழுதிய பலகை இருக்கும், அதைப் போட்டோ எடுங்கள். சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும், சில மாறாது, ஆகவே முந்தைய இரவு அறைக்கு வருகிற, மறுநாள் நிகழ்ச்சிகள் அச்சிட்ட கப்பலின் நாளிதழையோ கப்பலின் செயலியையோ பார்க்காமல் இறங்காதீர்கள். இத்தாலியிலிருந்து கிரீஸ் போனாலும் ஒரு மணி நேரம் வித்தியாசம் உண்டு. அதே நாளிதழில் துறைமுக ஏஜென்ட்டின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்துக்காக வேலை பார்ப்பவர்) எண் இருக்கும், அதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் கூப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

படி 7: டெண்டர் துறைமுகங்கள்

எல்லா ஊரிலும் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. சாந்தோரினியில் கடலிலேயே நின்று டெண்டர் என்கிற சிறு படகில் இறக்குவார்கள். பழைய துறையில் இறங்கினால் மேலே ஃபிரா ஊருக்குப் போக கேபிள் கார், இல்லாவிட்டால் 580-க்கும் மேற்பட்ட படிகள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அந்தப் படிகள் வேண்டவே வேண்டாம். காலையைவிட மாலையில் இறங்கி வருகிற கேபிள் கார் வரிசைதான் ஆபத்து, மூன்று நான்கு கப்பல் ஒரே நாளில் நின்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்க வேண்டிவரும். க்ரூஸ்மேப்பர் தளத்தில் உங்கள் தேதிக்கு அந்தத் துறைமுகத்தில் எத்தனை கப்பல் என்று பார்க்கலாம். நான் வேறு எதையும் பயன்படுத்துவதில்லை.

பிறகு சேர்த்தவை

படித்துவிட்டு இரண்டு மூன்று பேர் இசிம் (அட்டை போடாமல் போனிலேயே ஏற்றிக்கொள்கிற சிம்) பற்றிக் கேட்டார்கள். கரையில் வேலை செய்யும், நடுக்கடலில் செய்யாது. நடுக்கடலில் போன் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்தால் ரோமிங் கட்டணம் தாறுமாறாக ஏறும். ஏறியதும் ஏரோபிளேன் மோடு, வேண்டுமானால் வைஃபை மட்டும்.

ஒருவருடைய எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டார்களாம். மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு உள்ளவை கப்பலின் மின் அமைப்போடு ஒத்துப்போகாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. யுஎஸ்பி சார்ஜர் மட்டும் கொண்டுபோங்கள். இஸ்திரிப்பெட்டி, கெட்டில் இரண்டும் வேண்டாம்.

இன்னொருவர் எழுதியது என் மனதிலேயே நிற்கிறது. கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், அவர் அம்மா எல்லாவற்றையும் அழகாக மடித்துப் பூட்டி வெளியே வைத்துவிட்டார், மறுநாள் உடுத்தவேண்டிய புடவையையும் சேர்த்து. காலையில் இரவு உடையின் மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார்கள். பெட்டியைப் பூட்டுவதற்கு முன், மறுநாள் போடும் துணி, செருப்பு, மாத்திரை, பாஸ்போர்ட் நான்கையும் எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு அப்புறம் பூட்டுங்கள்.