எல்லாம் சரி என்று சொன்ன பிறகு

குழந்தை ஏன் தங்கவில்லை என்று பரிசோதித்துவிட்டு, "உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை" என்று டாக்டர் சொன்ன அன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மையத்திலிருந்து நாங்கள் வசிக்கும் சாட்ஸ்வர்த் வந்து சேரும் வரை காரில் நானும் கணவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குறை இருந்திருந்தால் மருந்தாவது கேட்டிருக்கலாம்.

முட்டை மாதாமாதம் வெளிவருகிறது, கருக்குழாய்கள் அடைபடவில்லை, விந்தணுக்கள் போதுமான அளவில் இருக்கின்றன. இந்த மூன்றையும் பார்த்த பிறகும் பிடிபடாததற்குத்தான் 'காரணம் தெரியாத குழந்தையின்மை' என்று பெயர். ஒன்றைப் பார்க்காமல் விட்டிருந்தாலும் அந்தப் பெயர் பொருந்தாது.

ஆகவே முதலில் பழைய அறிக்கைகளைச் சமையலறை மேசையில் பரப்பித் தேதிகளைப் பாருங்கள். எனக்கு மாதவிலக்கு 33 நாளுக்கு ஒருமுறை. முட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் பரிசோதனைக்கு 21ஆம் நாளே ரத்தம் எடுத்து, முட்டை வெளிவரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 21 என்பது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கான கணக்கு. அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டும். எனக்கு அது 26ஆம் நாள். அன்று எடுத்தபோது சரியாகவே வந்தது. விந்தணுப் பரிசோதனைக்கும் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டிருக்க வேண்டும். (அதற்குப் போக என் கணவருக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் என் கையில் குத்தாத இடமில்லை.)

பிறகு வயதையும் முயன்ற காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 35க்குள் இருந்து, முயன்று இரண்டு ஆண்டு ஆகவில்லையென்றால், காத்திருப்பதும் ஒரு நல்ல முடிவுதான். தானாகவே கரு தங்குவோர் பலர். எனக்கு 36, மூன்று ஆண்டு ஓடிவிட்டது. காத்திருக்க மனமில்லை. முட்டை வளரத் தூண்டும் லெட்ரசோல் அல்லது குளோமிஃபீன் மாத்திரையோடு ஐ.யூ.ஐ. (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்வது வழக்கமான அடுத்த படி. வெறும் மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். காரணம் தெரியாதவர்களுக்கு அதனால் பெரிய பயன் கிடைப்பதில்லை. இரட்டைக் குழந்தைக்கு வாய்ப்பு கூடும் என்பதையும் கேட்டு வையுங்கள். மூன்று, நான்கு சுற்றில் தங்காவிட்டால் ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைப்பது) பற்றிப் பேசலாம்.

எத்தனை சுற்று என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். கோயில் காலண்டரில் 'மூன்று' என்று நான் பென்சிலால் எழுதினேன். கணவர் அதன்மேல் பேனாவை ஓட்டினார்.

பணம்: தென்னாப்பிரிக்காவில் அடிப்படைப் பரிசோதனைகள் மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) கட்டாயம் தர வேண்டிய பலன்களில் அடங்கும். குழந்தையின்மைக்கான 902எம் என்ற குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள். ஐ.வி.எஃப். அதில் வராது. ஐ.யூ.ஐ.க்கு என்ன தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மிச்சம் இருப்பது ஊர் வாய். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று நாலு பேராவது கேட்பார்கள். இருவரும் ஒரே பதிலைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "இருந்தால் நானே சொல்கிறேன், பாட்டி" என்பது எங்களுடையது. என் மாமியார் பதிலே சொல்வதில்லை. கேட்பவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி கூழை ஊற்றிவிடுகிறார்.