கொடுத்த வேலையைத் திரும்பப் பிடுங்காதீர்கள்: சாரணர் முறையில் குடும்பப் பாசறை

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் நடத்திய முதல் பாசறையில் சிறுவர்கள் நான்கு சிறு அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வோர் அணிக்கும் அதிலேயே ஒரு சிறுவன்தான் தலைவன். சாரணர் இயக்கத்தின் உயிர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. சீருடையும் முடிச்சும் அதற்குப் பிறகுதான். குடும்பத்தோடு வெளியில் தங்கப் போகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இதையே.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போதே கூடாரம், தண்ணீர், வழி, முதலுதவிப் பை என்று வேலைகளைப் பிரித்து, ஒன்றுக்கு ஒருவர் என்று பெயர் எழுதிவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளை டார்ச்சையும், கூடாரக் கயிற்றைக் கட்டத் தரையில் அடிக்கும் முளைகளின் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளும். பத்து வயதில் கூடாரத்தை ஒப்படைக்கலாம். பதின்மூன்றில் வரைபடம் கைக்கு வரட்டும். அடுப்பும் தீயும் நீர்நிலைக் காவலும் மட்டும் பெரியவர்கள் கையில்தான்; அதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

கூடாரத்தை வீட்டு முற்றத்திலோ மாடியிலோ இரண்டு முறையாவது விரித்துப் பாருங்கள். இரண்டாம் முறை இருட்டிய பிறகு, டார்ச் வெளிச்சத்தில். குறைகிற முளையும் கிழிந்த ஓரமும் அப்போதே தெரிந்துவிடும்.

தங்கும் இடத்தில் முதலில் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளைக்கு அடியில் கூடாரம் கூடாது. பள்ளமும் வேண்டாம், மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். முளையைச் செங்குத்தாக அடித்தால் கயிறு இழுக்கும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தலைப்பக்கம் கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும்படி ஏறத்தாழ 45 டிகிரியில் அடிக்க வேண்டும். அடியில் விரிக்கும் தார்ப்பாயின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்துக் கூடாரத்துக்கு அடியில் சேர்த்துவிடும். சுற்றிலும் ஒரு சாண் உள்ளே மடித்துவிடுங்கள். விடியும்போது உள்துணி நனைந்திருந்தால் பெரும்பாலும் அது ஒழுகல் இல்லை, மூச்சுக்காற்றின் ஈரம். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை மூடியிருப்பார்கள்.

பெற்றோர் தவறுவது இங்கேதான். பிள்ளை கோணலாக அடித்த முளையை அப்பாவோ அம்மாவோ சத்தமில்லாமல் பிடுங்கி மீண்டும் அடிப்பார்கள். பிள்ளை அதைப் பார்த்துவிட்டால் அடுத்த முறை அந்த வேலை தன்னுடையது என்று நினைக்காது. "கயிற்றை நீயே இழுத்துப் பாரு" என்று சொல்லுங்கள். முளை கையோடு வந்தால் அவனே மறுபடி அடிப்பான். பத்து நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும்.

நடைப்பயணத்துக்கு மலையேறுபவர்கள் 1892 முதல் பயன்படுத்தும் நெய்ஸ்மித் கணக்கு உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். சிறுவர்கள் கூட வந்தால் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுங்கள். கடைசியில் விட்டால் அவர் நெருங்கும்போதெல்லாம் மற்றவர்கள் ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. பிள்ளையின் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது: 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. கழுத்தில் ஒரு விசில் மாட்டிவிடுங்கள். வழி தவறினால் பக்கத்து மரத்தடியில் நின்று மூன்று முறை ஊத வேண்டும், தேடி அலையக் கூடாது. இதைப் போகும் முன்பே ஒத்திகை பாருங்கள்.

ஓடை நீரைத் தெளியவைத்து, தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விடவும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலான உயரத்தில் மூன்று நிமிடம். கரியடுப்போ எரிவாயு அடுப்போ எதையும் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

படுக்கும் முன் பத்து நிமிடம் வட்டமாக உட்காருங்கள். இன்று எது சரியாக நடந்தது, நாளை எதை மாற்றலாம் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும், எல்லாரிலும் சிறியவர் முதலில். பெரியவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். இந்தப் பத்து நிமிடம் வாரம் ஒருநாள் வீட்டிலும் தொடர்ந்தால், கடை கண்ணிக்குப் போவது யார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்ற இழுபறி அங்கேயே தீரும்.

ஊர் திரும்பியதும் கூடாரத்தை விரித்துக் காயப்போட வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில நாளில் பூஞ்சை பிடித்து நாறும். இதுவும் கூடாரக்காரரின் வேலைதான். துணி காய்ந்து, முளைகளை எண்ணிப் பையில் போட்ட பிறகே அந்தப் பொறுப்பு அடுத்தவர் கைக்கு மாறட்டும்.