கேள்விக் கொப்பி: தினசரி வேதவாசிப்பை எழுதிவைக்கும் முறை

திருகோணமலையில் விடியற்காலையில் பாங்கும் கோவில் மணியும் அடுத்தடுத்துக் கேட்கும். இரவு தொழிலுக்குப் போன வள்ளங்கள் உப்புவெளிக் கரைக்குத் திரும்பும் எஞ்சின் ஓசையும் அவற்றோடு வந்து சேரும். அந்த நேரத்தில் வேதாகமத்தைத் திறந்து அமரும் வழக்கம் இங்குள்ள பல கிறிஸ்தவ வீடுகளில் உண்டு. வாசிக்கிறோம், ஜெபிக்கிறோம், எழுந்து வேலையைப் பார்க்கிறோம். மத்தியானத்தில் யாராவது "இன்று என்ன வாசித்தீர்கள்?" என்று கேட்டால் அதிகாரத்தின் இலக்கம் நினைவில் இருக்கிறது, வாசித்த பொருள் நினைவில் இல்லை. இந்தக் குறைக்கு ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். ஆனால் அந்தக் கொப்பியில் எதை எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

எதை எழுத வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பல வருடங்களாக ஒவ்வொரு நாளும் வாசிப்பின் முடிவில் "இன்றைய பாடம்" என்று தலைப்பிட்டு ஒரு வரி எழுதிவந்தேன். பின்பு ஒருநாள் பழைய கொப்பிகளைப் புரட்டியபோது, லேவியராகமத்துக்கும் எஸ்தருக்கும் யாக்கோபின் நிருபத்துக்கும் ஏறக்குறைய ஒரே வரியையே எழுதியிருந்ததைக் கண்டேன்: கர்த்தரை நம்பியிருக்க வேண்டும். அது உண்மைதான், ஆனால் அந்த மூன்று புத்தகங்களையும் திறக்காமலே அதை எழுதியிருக்கலாம். எபிரெய மூலத்தில் எஸ்தர் புத்தகத்தில் தேவனுடைய பெயர் ஒருமுறைகூட வருவதில்லை. அது ஏன் என்ற கேள்வி அன்று எனக்குள் எழும்பவே இல்லை, ஏனென்றால் பாடத்தை எழுதி முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். அதற்குப் பிறகுதான் பாடம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேள்வி எழுதத் தொடங்கினேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வாசிப்பது என்பதை முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அறுபத்தாறு புத்தகங்களிலும் 1189 அதிகாரங்கள் இருப்பதால், ஒரு வருடத்தில் முடிக்க விரும்புகிறவர் நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள் வாசிக்க வேண்டும். முழு வேதத்தின் போக்கையும் அறிந்துகொள்ள அது நல்ல முறை. கேள்வி கேட்டு நிற்பதற்கு அதில் இடமில்லை. இந்தக் கொப்பிக்குப் பத்து முதல் பதினைந்து வசனங்கள் போதும். முதல்முறை செய்கிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளலாம்: பதினாறே அதிகாரங்கள், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். இடையில் நாட்கள் தவறினால் விட்டதையெல்லாம் ஒரே இரவில் வாசித்துச் சமன்செய்ய முயல வேண்டாம்; நின்ற இடத்திலிருந்து தொடருங்கள்.

பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள், ஒரு தடவையாவது வாய்விட்டு வாசியுங்கள். பின்பு கொப்பியை விரித்து, இடப்பக்கத்தில் வசனம் சொல்வதை மட்டும் எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது, என்ன செய்தார், என்ன சொன்னார். உங்கள் கருத்து அந்தப் பக்கத்துக்கு வரக்கூடாது. வலப்பக்கம் கேள்விகளுக்குரியது. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும், ஆனால் அது உங்களுக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றாக இருக்க வேண்டும். விடை தெரிந்த கேள்வியை எழுதுவது ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கான வினாத்தாள் தயாரிப்பதாகவே முடியும்.

மாற்கு நான்காம் அதிகாரத்தின் கடைசி ஏழு வசனங்களை எங்கள் வீட்டில் கூடும் சிறு குழுவில் இந்த முறையில் வாசித்ததைச் சொல்கிறேன். சாயங்காலம், அக்கரைக்குப் போகிறார்கள், சுழல்காற்று உண்டாகிறது, படவு தண்ணீரால் நிரம்புகிறது, இயேசு கப்பலின் பின்னணியத்தில் தலையணை வைத்து நித்திரையாயிருக்கிறார், எழுப்பியதும் "இரையாதே, அமைதலாயிரு" என்று சொல்லிக் காற்றை நிறுத்துகிறார். இவ்வளவும் இடப்பக்கத்துக்கு வந்தது. வலப்பக்கத்தில் படிக்கும் பிள்ளை ஒருவர் "பின்னணியம் என்றால் என்ன?" என்று எழுதினார். முப்பது வருடமாகக் கடலுக்குப் போய்வரும் ஐயா ஒருவர் எங்களோடு இருந்தார். அவருக்கு அகராதி தேவைப்படவில்லை. முன்புறம் அணியம், பின்புறம் பின்னணியம், வள்ளத்தைத் திருப்புகிறவன் இருக்கும் இடம் அதுதான் என்று கையால் தரையில் வள்ளத்தின் வடிவத்தை வரைந்து காட்டினார். பின்பு முப்பத்தாறாம் வசனத்தில் விரலை வைத்துக்கொண்டு அவரே கேட்டார்: "வேற படவுகளும் கூட இருந்ததெண்டு போட்டிருக்கு. அந்தப் படவில இருந்தவங்களுக்கும் காத்து நிண்டிருக்கும்தானே? ஆரால நிண்டதெண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

எத்தனையோ பிரசங்கங்களில் இந்தப் பகுதியைக் கேட்டிருக்கிறேன். மற்றப் படவுகளைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தைச் சொல்கிறார்கள், ஆனால் அந்தப் படவுகளை அவர்கள் குறிப்பிடவில்லை. தலையணையும் மாற்குவில் மட்டுமே இருக்கிறது. சீஷர்களின் வார்த்தையும் மாறுகிறது. மத்தேயுவில் "எங்களை இரட்சியும்" என்று வேண்டுகிறவர்கள், மாற்குவில் "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று மனத்தாங்கலோடு கேட்கிறார்கள். இப்படி ஒத்துப் பார்க்கத் தூண்டுவது கேள்விதான்.

கேள்விகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல என்பதைச் சில வாரங்களில் நீங்களே காண்பீர்கள். சில சொல்லைப் பற்றியவை. சீர்திருத்தச் சபைகளில் நாம் கையில் வைத்திருக்கும் மொழிபெயர்ப்பு 1871ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழிவந்தது. அதன் தமிழ் அழகானது, ஆனால் சில சொற்கள் இன்று வேறு பொருளில் வழங்குகின்றன. ரோமர் எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் "ஆக்கினைத்தீர்ப்பில்லை" என்று முடிகிறது. எங்கள் வீட்டுப் பேச்சில் ஆக்கினை என்பது பிள்ளைகள் கொடுக்கும் தொல்லை. அங்கே அது குற்றவாளி என்று தீர்த்துத் தண்டிப்பதைக் குறிக்கிறது. இத்தகைய இடங்களில், 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும். கத்தோலிக்கரும் மெதடிஸ்த சபையாரும் ஒரே குடும்பத்தில் இருப்பது இவ்வூரில் அபூர்வமல்ல என்பதால், இரண்டு புத்தகங்களும் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். சங்கீதம் அங்கே திருப்பாடல் என்றும், ஆதியாகமம் தொடக்கநூல் என்றும் இருப்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு சில கேள்விகள் இடத்தையும் வழக்கத்தையும் பற்றியவை. கடல் என்றவுடன் நமக்குக் கண்முன் வருவது கோணேசர் மலையின் கீழே அலை அடிக்கும் கடல். கலிலேயாக் கடலோ ஏறக்குறைய 21 கிலோமீற்றர் நீளமும் 13 கிலோமீற்றர் அகலமும் உள்ள நன்னீர் ஏரி, கடல் மட்டத்திலிருந்து 200 மீற்றருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவில் கிடக்கிறது. அந்த மலைகளிலிருந்து காற்று திடீரென்று இறங்குகிறது. ஒக்டோபர் கடந்து வாடைக்காற்று தொடங்குவதை நாட்கணக்கில் எதிர்பார்த்திருக்கும் நமக்கு, முன்னறிவிப்பில்லாமல் வரும் அந்தக் காற்றின் பயம் இதை அறிந்த பிறகே விளங்குகிறது. வேதாகமத்தின் பின்புறத்தில் உள்ள வரைபடங்களையும் ஒரு வேதாகம அகராதியையும் இதற்குப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது வகை, எந்த அகராதியாலும் தீராதது. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலையில் கடல் கொண்டுபோனவர்களின் வீட்டார் நம் சபைகளில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பாக "இரையாதே, அமைதலாயிரு" என்ற வசனத்தை வாசிக்கும்போது, அன்றைக்கு ஏன் அப்படிச் சொல்லவில்லை என்ற கேள்வி அறையில் இருக்கிறது, ஒருவரும் வாய்திறக்காவிட்டாலும். அதைக் கொப்பியில் எழுதுங்கள். எழுதுவது அவிசுவாசம் என்று பயப்பட வேண்டாம். பதின்மூன்றாம் சங்கீதம் முதலிரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் ஆறுதலான ஒரு வார்த்தைகூட இல்லாமல் முடிகிறது. அவற்றை வேதத்திலிருந்து யாரும் அகற்றவில்லை. இத்தகைய கேள்வியின் கீழே அவசரமாக ஒரு விடையை எழுதாதீர்கள், மற்றவருடைய கேள்விக்கு நீங்கள் விடை கொடுக்கவும் வேண்டாம். அதையே அன்றைய ஜெபமாக வாசித்துவிட்டுக் கொப்பியை மூடுங்கள்.

தனியாக வாசித்தாலும், கேள்விகளைத் தனியாகவே சுமந்துகொண்டிருக்கத் தேவையில்லை. அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் பிலிப்பு எத்தியோப்பிய மந்திரியிடம், வாசிக்கிறவற்றின் கருத்து தெரியுமா என்று கேட்கிறான். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று மந்திரி கூச்சமில்லாமல் கேட்கிறான். உங்கள் போதகரிடமோ சுவாமியிடமோ போகும்போது கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்று சொன்னால் அவர் பிரசங்கம் செய்வார். வசனத்தின் இலக்கத்தையும் கேள்வியையும் காட்டினால் உங்களோடு அமர்ந்து அதை வாசிப்பார்.

மாதத்தின் கடைசி நாளில் புதிய பகுதி வாசிக்க வேண்டாம். அந்த மாதத்துக் கேள்விகளை முதலிலிருந்து வாசித்து, தெளிந்தவற்றுக்கு எதிரே தெளிந்த தேதியையும் அதற்கு உதவிய வசனத்தையும் எழுதுங்கள். தெளியாதவற்றை அடுத்த மாதத்தின் முதல் பக்கத்தில் கையால் மறுபடியும் எழுதுங்கள். நகலெடுத்து ஒட்டுவது இதற்கு உதவாது, ஏனென்றால் திரும்ப எழுதும்போதே சில கேள்விகளின் சொற்கள் மாறிவிடும், சில கேள்விகளை இனி எழுதத் தேவையில்லை என்பதும் தெரியவரும்.

என் கொப்பியில் மற்றப் படவுகளைப் பற்றிய ஐயாவின் கேள்வி இதுவரை ஆறு தடவை இப்படி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுகிறேன்.