காத்து பூமிய அதிர வைக்கிறத டேட்டால நீங்களே பாக்குறது எப்படி

நிலநடுக்கமே இல்லாத நாள்லயும் பூமி விடாம லேசா ரீங்காரம் போட்டுட்டே இருக்கு, 1998ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் அண்டார்டிகா சியோவா ஸ்டேஷன் டேட்டாவ வச்சு இத காட்டினாங்க. இதுல பெரும்பங்கு கடல் அலையோடது, ஆனா காத்தோட கை தெளிவா தெரியிற இடம் ரெண்டு இருக்கு, 3.7, அப்புறம் 4.4 மில்லிஹெர்ட்ஸ், அதாவது ஆயிரம் செகண்டுக்கு 3.7 தடவ, 4.4 தடவ ஆடுறது. அங்க காத்து மண்டலம் மேலயும் கீழயும் ஆடுற வேகமும் பூமி ஆடுற வேகமும் ஒத்துப்போகுது, ஊஞ்சல சரியா தாளத்துக்கு தள்ளுற மாதிரி.

நேரா ரீங்காரத்த தேடாதீங்க, எதுவும் தெரியாம வெறுத்துப் போயிடும். முதல்ல 2022 ஜனவரி 15, டோங்கா எரிமலை வெடிச்ச நாள் டேட்டாவ எடுங்க. நிலநடுக்க டேட்டா இலவசமாவே கிடைக்குது, பைத்தான்ல ஒப்ஸ்பைன்னு ஒரு லைப்ரரி இருக்கு, அதுல எல்.ஹெச்.இசட் சேனல், அதாவது செகண்டுக்கு ஒரு அளவு, மேல கீழ ஆடுற அசைவு. ஒரு ஆட்டத்துக்கு 200லேர்ந்து 300 செகண்ட் எடுக்கிற அசைவ மட்டும் விடுற ஃபில்டர் போட்டு, ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த வேகத்துல எவ்வளவு ஆட்டம்னு காட்டுற படம், எடுத்தா 270 செகண்ட் கிட்ட, அதான் அந்த 3.7, ஒரு பீக் எழுந்து நிக்கும். எனக்கு முதல் தடவ அத பாத்தப்ப உடம்பு சிலிர்த்துடுச்சு! நிலநடுக்கம்னா ஏகப்பட்ட பீக் கலந்து வரும், இது ஒத்த ஸ்வரம் மாதிரி. 1991 ஜூன்ல பிலிப்பைன்ஸ்ல பினாடுபோ எரிமலை வெடிச்சப்ப ரெண்டு ஸ்வரமுமே பதிவாச்சு.

அப்புறம் ரீங்காரம். வேண்டாத அதிர்வு கம்மியான ஸ்டேஷனா பாத்து ஒரு வருஷ டேட்டா எடுங்க, கருவியோட ரெஸ்பான்ஸ, அதாவது கருவி அசைவ பதியும்போது பண்ற மாற்றத்த, நீக்கி முடுக்கமா மாத்துங்க. நிலநடுக்கம் வந்த நாள தூக்கிடணும், பெருசா வந்திருந்தா அடுத்த சில நாளையும் சேத்து தூக்கணும், ஏன்னா பூமி மணி மாதிரி ரொம்ப நேரம் அடங்காது. மிச்ச நாள் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஸ்பெக்ட்ரம் எடுத்து மீடியன், அதாவது வரிசையில நடுவுல வர்ற மதிப்பு, போடுங்க, சராசரி வேணாம், விட்டுப்போன ஒரு நிலநடுக்கமே அத கெடுத்துடும். 2லேர்ந்து 7 மில்லிஹெர்ட்ஸ் வரைக்கும் சீப்புப் பல்லு மாதிரி பீக் வரும், பல்லுக்கு பல்லு கிட்டத்தட்ட 0.1 மில்லிஹெர்ட்ஸ் இடைவெளி. 3.7, 4.4ல இருக்கிற பல்லு பக்கத்து பல்ல விட கொஞ்சம் உசரமா இருக்கான்னு பாருங்க, வித்தியாசம் சின்னதுதான், நாள் கூடக் கூடத்தான் தெளியும்.

1 மில்லிஹெர்ட்ஸுக்கு கீழ பெருசா ஏதாவது தெரிஞ்சா சந்தோஷப்பட்டுடாதீங்க, கருவிக்கு மேல இருக்கிற காத்தோட எடை மாறுறதே அங்க சிக்னலா வந்துடும். அதே ஸ்டேஷன்ல காத்தழுத்தம் அளக்குற பாரோமீட்டர் சேனல் இருந்தா, அதோட பாதிப்ப கணக்கிட்டு கழிச்சுட்டு பாருங்க.