பறக்கத் தெரிந்தவர் ஏன் நடந்து போகிறார்?

மாயாஜாலக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகியிடம் ஒரு மோதிரம். அணிந்துகொண்டால் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாள். மூன்றாம் அத்தியாயத்தில் அதை அணிந்து அரண்மனைக்குள் நுழைந்து, ஓர் ஓலையைத் திருடி வந்து, அன்றிரவே படித்தும் முடித்தாள். பதினோராம் அத்தியாயத்தில் அதே அரண்மனைக் காவலர்களிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். படித்த தோழி கேட்டது ஒரே கேள்வி: "அந்த மோதிரம் எங்கே போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. கதை நகர வேண்டுமென்றால் அவள் சிறைக்குப் போயாக வேண்டியிருந்தது. நானே பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

லாஜிக் ஓட்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் விழுகின்றன. முடிவை முதலில் தீர்மானித்துவிட்டு, பாத்திரத்தைப் பிடரியைப் பிடித்து அங்கே தள்ளுகிறோம். "மந்திரமே இருக்கிற கதையில் என்ன பெரிய லாஜிக்?" என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் கணக்கு இன்னும் கறார். டிராகன் பறக்கும் என்றால் வாசகர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறார். அந்த டிராகனை வைத்திருப்பவர் தலை போகிற அவசரத்தில் நடந்து போனால்தான், காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றுகிறது.

ஒரு காட்சிக்காக வலிமையான பொருளொன்றைக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் அதை மறந்துவிடுவது மிகப் பரவலான தவறு. ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாம் புத்தகத்தில் (1999) காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் கருவி வருகிறது. ஒரே நேரத்தில் நடக்கும் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் போய்வர ஹாரியின் தோழி ஹெர்மயனிக்கு அதைக் கொடுக்கிறார்கள். அந்தக் கதையின் உச்சக்கட்டத்தில் அது அழகாக வேலை செய்கிறது. புத்தகத்தை மூடிய பிறகுதான் உறுத்துகிறது. சாவையே தடுக்கக்கூடிய ஒன்று பள்ளி மாணவியின் கால அட்டவணைக்குக் கிடைக்கிறதென்றால், அடுத்தடுத்த புத்தகங்களில் இத்தனை பேர் ஏன் சாக வேண்டும்? ஐந்தாம் புத்தகத்தில் (2003) மந்திரவாதிகளின் அமைச்சகத்தில் இருந்த அந்தக் கருவிகள் ஒரு சண்டையில் உடைந்துபோகின்றன. ஓட்டை அடைபட்டது என்னவோ உண்மைதான். பூசிய தடமும் தெரிகிறது.

டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில், எரிமலையில் போட்டு அழிக்க வேண்டிய மோதிரத்தைக் கழுகுகள் மேல் ஏற்றிக் கொண்டுபோயிருக்கலாமே என்று அவர் ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அவருக்கே அந்தக் கழுகுகள் மேல் பயம் இருந்தது. 1958ல் ஒரு திரைக்கதை வரைவைப் பற்றி எழுதிய கடிதத்தில், அவை ஆபத்தான கருவி, தான் சிக்கனமாகவே பயன்படுத்தியதாகச் சொல்கிறார்.

இந்த மாதிரிக் கேள்வியை நமக்கு முன்னால் மகாபாரதமே கேட்டுவிட்டது. இந்திரன் தந்த சக்தி ஆயுதத்தைக் கர்ணன் ஒரே ஒரு முறைதான் எறிய முடியும். அர்ஜுனனுக்கென்று வைத்திருந்ததை, இரவுப் போரில் கடோத்கசன் மேல் எறிய வேண்டியதாகிறது. அதற்கு முன்பே அர்ஜுனன் மேல் ஏன் எறியவில்லை? திருதராஷ்டிரன் சஞ்சயனிடம் இதையேதான் கேட்கிறான். ஒவ்வோர் இரவும் 'நாளைக்கு எறிந்துவிடு' என்று பேசி முடிப்போம், விடிந்தால் மறந்துபோகும் என்று பதில் வருகிறது. அதோடு விட்டிருந்தால் நான் சிரித்திருப்பேன். ஆனால் கர்ணனை மயக்கி வைத்தது தானே என்று கண்ணன் சாத்யகியிடம் சொல்கிறான். அந்த ஆயுதத்தை நினைத்து நினைத்துத் தனக்குத் தூக்கமே இல்லாமல் போனதையும் சொல்கிறான். அந்த மறதிக்குப் பின்னால் ஒருவன் கண்விழித்து வேலை பார்த்திருக்கிறான்.

இதன் பக்கத்தில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் கடைசிப் பருவத்தை (2019) வைத்துப் பாருங்கள். ராணி டெனேரிஸ் டிராகன் மேல் வானத்தில் வருகிறாள். கீழே ஒளிந்திருந்த எதிரிக் கப்பற்படை அவளுடைய இன்னொரு டிராகனை அடித்து வீழ்த்துகிறது. அப்படியொரு படை இருப்பது அவளுக்கு முன்பே தெரியும். அவள் அதைக் கொஞ்சம் மறந்துவிட்டாள் என்ற பொருளில் தயாரிப்பாளர்களில் ஒருவர் பிறகு விளக்கம் சொன்னார், அது இன்றுவரை கேலிப்பொருளாக இருக்கிறது. இரண்டு இடத்திலும் மறதிதான். இங்கே மறக்கவைத்தவர் கதைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

பாத்திரங்கள் தவறான முடிவே எடுக்கக்கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. தவறே செய்யாதவர்களை வைத்துக் கதை எழுத முடியாது. அதே கர்ணன் கவசகுண்டலத்தை அறுத்துக் கொடுக்கிறான். வருவது இந்திரன், கொடுத்தால் உயிருக்கு ஆபத்து என்று சூரியன் கனவில் வந்து எச்சரித்த பிறகும் கொடுக்கிறான். கணக்குப் பார்த்தால் சுத்த மடத்தனம். யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை, ஏனென்றால் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவன் என்ற பெயரும், அந்தப் பெயர் மேல் அவனுக்கு இருக்கும் வெறியும் முன்பே நமக்குத் தெரியும். உங்கள் பாத்திரம் முட்டாள்தனம் செய்யப்போகிறதா? அதற்கான காரணம் சில அத்தியாயங்களுக்கு முன்பே அதன் சுபாவத்தில் இருக்கட்டும். புத்திசாலி என்று பக்கம் பக்கமாகப் புகழ்ந்த மந்திரியை ஒரு நாள் மட்டும் மக்காக்கினால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது 'நேரம் வரும்போது சொல்கிறேன்' என்று வாயை மூடிக்கொள்ளும் குரு. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் பாதிப் புத்தகம் மிச்சமாகியிருக்கும். அவர் மறைக்க என்ன காரணம்? சத்தியமா, வெட்கமா, பாசமா? ஐந்தாம் ஹாரி பாட்டரின் முடிவில், பையன் மேல் வைத்த பாசத்தால் மறைத்தேன், அது என் தவறு என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஒப்புக்கொள்கிறார். கோபம் வந்தாலும் நம்ப முடிகிறது.

வில்லன்களுக்கு வேறொரு நோய்: சுற்றி வளைத்துத் திட்டம் போடுவது. நான்காம் ஹாரி பாட்டரில் (2000), தொட்டவரை வேறிடத்துக்குக் கொண்டுபோகும்படி கோப்பையில் மந்திரம் போட்டு, அதை ஹாரி தொட வேண்டும் என்பதற்காக அவனை ஒரு முழுப் போட்டியிலேயே நுழைத்து ஜெயிக்க வைக்கிறான் எதிரி. அவனோ ஆசிரியர் வேடத்தில் வருடம் முழுக்க ஹாரிக்குப் பாடம் நடத்தியவன். ஒரு புத்தகத்தையோ பேனாவையோ நீட்டியிருந்தால் வேலை முடிந்தது. பள்ளிக்குப் பாதுகாப்பு மந்திரம் உண்டு என்று ரசிகர்கள் பல சமாதானங்கள் வைத்திருக்கிறார்கள். வக்கீல்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அது கதைக்குள் ஒரு வரியாக இருந்திருந்தால் வக்கீலே தேவைப்பட்டிருக்காது.

மந்திரத்தின் விதிகளைக் கடைசி நேரத்தில் வெளியே எடுப்பதும் இதே ரகம். மந்திரத்தால் சிக்கலைத் தீர்க்க வேண்டுமென்றால், வாசகருக்கு அந்த மந்திரம் எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் தீர்க்கலாம் என்று மாயாஜாலக் கதை எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007ல் ஒரு கட்டுரை எழுதினார். இரணியன் கதை இதற்கு நல்ல பாடம். பகலிலும் கூடாது இரவிலும் கூடாது, உள்ளேயும் கூடாது வெளியேயும் கூடாது, மனிதனாலும் கூடாது மிருகத்தாலும் கூடாது என்று வரம் முதலிலேயே பட்டியலாக நம் கையில் வந்துவிடுகிறது. அந்தியில், வாசற்படியில், நரசிம்மம் வரும்போது புது விதி எதுவும் வரவில்லை, இருந்த விதிகளின் இடுக்கு வழியாகவே வருகிறது.

தூரமும் நாட்கணக்கும் சின்ன விஷயம். போகும்போது மூன்று வாரம் எடுத்த பாதை திரும்பும்போது ஒரே இரவில் முடியக்கூடாது. ஒரு வரைபடமும் ஒரு நாட்காட்டியும் போதும்.

வாசகர்களாகிய நாமும் ஒரு தவறு செய்கிறோம். நமக்குத் தெரிந்தது பாத்திரத்துக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு, 'லாஜிக் இல்லை' என்று எழுதிவிடுகிறோம். கதவுக்குப் பின்னால் கொலைகாரன் நிற்பதை நாம் பார்த்தோம், அவள் பார்க்கவில்லை. அது ஓட்டையில் சேராது. ஆசிரியர் சொல்லாமல் விட்டது எல்லாமும் ஓட்டையில் சேராது. கதை தானே சொன்ன ஒன்றை மீறுகிறதா என்பதுதான் கேள்வி.

ஓட்டையை அடைப்பதில் நான் பார்த்த அழகான வேலை டோல்கீனின் 'தி ஹாபிட்'. 1937ல் வந்த முதல் பதிப்பில், கதாநாயகன் பில்போவுடனான விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக, அதை வைத்திருக்கும் கோலம் (Gollum) என்ற குகைவாசி தானே சொல்கிறான். அடுத்த நாவலான 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'ல் அது லேசில் யாரும் மனமுவந்து கொடுக்க முடியாத மோதிரமாக வளர்ந்துவிட்டது. டோல்கீன் 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். பழைய வடிவத்தையும் தூக்கிப் போடவில்லை: அது பில்போ சொன்ன பொய் என்றாக்கினார். நேர்மையான பில்போவையே பொய் சொல்ல வைத்த மோதிரம் என்றதும் அதன் மேல் இன்னும் பயம் கூடியது.

அந்தத் தைரியத்தில் நானும் என் மோதிரத்துக்கு ஒரு விலை வைத்தேன். ஒரு முறை அணிந்தால், கழற்றிய பின் ஒரு நாள் முழுக்கப் பார்வை இருக்காது. மூன்றாம் அத்தியாயத்தில் அதைச் சொல்லிவிட்டேன். பதினோராம் அத்தியாயத்தில் மோதிரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, போடலாமா வேண்டாமா என்று அவள் தயங்கும்போது காவலர்கள் வந்துவிடுகிறார்கள். நன்றாகவே அமைந்தது. தோழியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்து, "சரி, பார்வை போனவள் அன்றிரவே அந்த ஓலையை எப்படிப் படித்தாள்?" என்றாள்.